பத்து லட்சத்தில் மூன்று பங்கு நஞ்சுக்காகப் பாதித் தண்ணீரைக் கொட்டுவதா?

ஏரியூர் பக்கத்தில் ஒரு கிராமத்தின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் முன் சில நாட்களுக்கு முன்பு நின்றுகொண்டிருந்தேன். காசு போட்டால் குடம் நிறைகிறது. கட்டடத்தின் பின்பக்கம் ஒரு குழாய் வழியாக, குடத்தில் விழும் அளவுக்குச் சற்றும் குறையாத தண்ணீர், ஒரு குட்டையில் போய் விழுந்துகொண்டே இருக்கிறது. எருமையைப் பிடித்துக்கொண்டு குட்டைக் கரையில் நின்ற ஒரு பெரியவர் கேட்டார்: "ஏங்க, இந்தத் தண்ணிய மாட்டுக்குக் காட்டலாமுங்களா? பாக்கறதுக்குச் சுத்தமாத்தான் இருக்குது."

"வேண்டாமுங்க" என்றேன்.

"மாட்டுக்கும் ஆவாது, செடிக்கும் ஆவாதுன்னா, எதுக்குங்க இத்தனை தண்ணிய மண்ணுக்குள்ள இருந்து எடுத்துக் கொட்டறாங்க?"

கேள்வி நியாயமானது. நின்ற இடத்தில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அதில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கிறது.

தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது புதிய செய்தியல்ல. நம் காலடியில் இருப்பது பழைய கடினப் பாறை. அந்தப் பாறையில் உள்ள சில கனிமங்களில் புளோரின் அடங்கியிருக்கிறது. மழை குறைந்த பூமியில், பாறை இடுக்குகளில் நெடுநாள் தேங்கி நிற்கும் தண்ணீர் காரத் தன்மை அடைகிறது. அதில் சுண்ணாம்புச் சத்து குறைந்து சோடா உப்பு கூடினால் புளோரைடு மேலும் மேலும் கரைந்து வருகிறது. கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு போட்டு, அதையும் ஆழப்படுத்தப் படுத்த நாம் எட்டுவது பெரும்பாலும் இப்படி நெடுநாள் ஊறிய தண்ணீரைத்தான்.

குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவு. அதற்கு மேல் போனால் குழந்தைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழுகிறது. பல ஆண்டுகள் குடித்தால் முதுகும் முழங்காலும் இறுகிப்போகின்றன. கறை விழுந்த பல் தானாக வெளுக்காது, இறுகிய முதுகு மீண்டும் வளையாது. 1937-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் ஜில்லாவில் இந்த எலும்பு நோயைப் பற்றி டாக்டர் ஷார்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் எழுதினார்கள். ஆக, நோய் தெரிந்து ஒரு மனித ஆயுள் காலத்துக்கும் மேலாகிவிட்டது.

மாடும் இதற்கு விலக்கல்ல. பல் தேய்ந்து, தீவனம் மெல்ல முடியாமல், கால் தாங்கி நடக்கும். கால்நடைக்கான தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கூடாது என்று உலக உணவு விவசாய ஸ்தாபனம் வரம்பு சொல்லியிருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் 3 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுத்திகரிப்பு எந்திரம் பாதித் தண்ணீரை நல்லதாக்கி, பாதியைக் கழித்துவிட்டால், அந்தக் கழிவில் புளோரைடு ஏறக்குறைய 6 மில்லிகிராமாக இருக்கும். பெரியவரின் எருமைக்கு நான் வேண்டாம் என்றது அதனால்தான். குட்டையில் விழுந்த தண்ணீர் வெயிலில் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். மண்ணில் இறங்கினால், எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தோமோ அந்தக் கிணற்றுக்கே திரும்பும்.

கல்லும் அரிசியும்

ஆர்.ஓ. என்று எல்லோரும் சொல்லும் இந்த எந்திரத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அதன் சவ்வை 1959-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன்; மற்றவர் சிட்னி லோப். அது உலகத்துக்குக் கிடைத்த பெரிய வரம். கடல் நீரைக் குடிநீராக்க அதை நம்பித்தான் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன.

ஆனால் அது கடல் நீருக்காகப் பிறந்த சவ்வு. அழுத்தம் கொடுத்தால் தண்ணீரை மட்டும் விட்டு, மற்ற எல்லாவற்றையும் நிறுத்தும். நல்லது கெட்டது பார்க்காது. புளோரைடோடு சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் எல்லாவற்றையும் சேர்த்துக் கழித்துவிடும். நம் ஊர்த் தண்ணீரிலோ, நமக்கு வேண்டாதது லிட்டருக்கு மூன்று மில்லிகிராம்; அதாவது பத்து லட்சத்தில் மூன்று பங்கு. படி அரிசியில் நாலு கல் கிடந்தால் வீட்டில் என்ன செய்கிறார்கள்? கல்லைப் பொறுக்கி எறிகிறார்கள். ஒவ்வொரு அரிசியாக எடுத்து வேறு முறத்தில் போட்டுவிட்டு, முடியாத மீதி அரிசியைக் கல்லோடு சேர்த்துக் குப்பையில் கொட்டுகிறவர்கள் உண்டா? ஆர்.ஓ. எந்திரம் செய்வது இரண்டாவது வேலை.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து குறைந்தவர்களைத்தான் புளோரைடு கடுமையாகத் தாக்குகிறது. தண்ணீரிலிருந்து கிடைக்கும் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தையும் எந்திரம் கழித்துவிடுகிறது. நம் பக்கத்துக் கேழ்வரகில் நூறு கிராமுக்கு சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அந்தக் களியையும் விட்டுவிட்டு ரேஷன் அரிசிச் சோற்றுக்கு முழுவதும் மாறிய வீடுகள் இரண்டு பக்கமும் இழக்கின்றன. (களி கிண்டும் சிரமத்தைப் பற்றி ஆண்கள் எழுதுவது எளிது என்று வீட்டில் சொல்வது காதில் விழுகிறது.)

சரி, கல்லை மட்டும் பொறுக்கும் சவ்வு உண்டா? இன்று கடையில் இல்லை. ஆனால் உயிருள்ள எந்திரங்கள் உண்டு. நம் வயலில் நிற்கும் ஒவ்வொரு நிலக்கடலைச் செடியின் வேரிலும் அவை கோடிக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

வேரின் மதகு

வேரின் ஒவ்வொரு உயிரணுவையும் ஒரு மெல்லிய கொழுப்புச் சவ்வு மூடியிருக்கிறது. அதன் கனம் சுமார் 5 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் கனமே சுமார் 80,000 முதல் ஒரு லட்சம் நானோமீட்டர். இந்தச் சவ்வு ஏரிக்கரை மாதிரி. கரையில் அங்கங்கே புரதத்தால் ஆன மதகுகள் இருக்கின்றன. ஒரு மதகு தண்ணீரை மட்டும் விடும், இன்னொன்று பொட்டாசியத்தை மட்டும் விடும்.

தண்ணீர் மதகை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஆக்ரே கண்டறிந்தார். அக்வாபோரின் என்று பெயர். அதன் மிகக் குறுகிய இடம் ஒரு நானோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில்தான் போக முடியும். ஆனாலும் ஒரு விநாடிக்கு ஒரு மதகில் சுமார் 300 கோடி மூலக்கூறுகள் போகின்றன. பொட்டாசிய மதகின் உருவத்தை 1998-ல் ராடரிக் மக்கின்னன் வரைந்து காட்டினார். 2003-ல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பொட்டாசிய மதகின் கதை, பொட்டாஷ் உரம் போடும் ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டியது. மண் கரைசலில் பொட்டாசியமும் இருக்கிறது, சோடியமும் இருக்கிறது. சோடியம் உருவில் சிறியது, பொட்டாசியம் பெரியது. சல்லடை என்றால் சிறியது விழ வேண்டும், பெரியது நிற்க வேண்டும். இங்கே தலைகீழ். பெரியது போகிறது, சிறியது நின்றுவிடுகிறது!

காரணம் இதுதான். கரைந்த உப்பின் ஒவ்வொரு துகளும் (விஞ்ஞானிகள் அயனி என்பார்கள்) தண்ணீரில் தனியாக இருப்பதில்லை. தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்வை மாதிரி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மதகுக்குள் நுழைய வேண்டுமானால் போர்வையைக் களைய வேண்டும். களைந்தால் குளிரும், அதாவது அதற்குச் சக்தி செலவாகும். பொட்டாசிய மதகின் உட்சுவரில் ஆக்சிஜன் அணுக்கள் சரியான தூரத்தில் பதிந்திருக்கின்றன. பொட்டாசியம் உள்ளே வந்ததும், களைந்த போர்வைக்குப் பதிலாக அவை அணைத்துக்கொள்கின்றன. சோடியம் சிறியதாக இருப்பதால் அந்த அணைப்பு அதற்கு எட்டுவதில்லை. போர்வையைக் களைய அது மறுத்து வெளியே நின்றுவிடுகிறது. ஆயிரம் பொட்டாசியம் போகும்போது ஒரு சோடியம் போவதே அரிது. வேகமும் குறைவதில்லை, விநாடிக்குப் பத்துக் கோடி அளவில் போகும். உப்பு மிகுந்த நிலத்தில் வேறு வழிகளில் சோடியமும் நுழைந்துவிடும், அதனால்தான் உவர் நிலத்துப் பயிர் நுனி கருகுகிறது. அது வேறு விஷயம்.

நமக்கு இங்கே முக்கியம் ஒன்றுதான். நல்ல மதகு அளவு பார்த்து நிறுத்துவதில்லை, ஆள் பார்த்து நிறுத்துகிறது.

புளோரைடுக்கும் இப்படி ஒரு மதகு இயற்கையில் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மனிதருக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை; பாக்டீரியாக்களுக்கு இருக்கிறது. பாக்டீரியாக்கள் புளோரைடை உணர்ந்து தற்காப்பை முடுக்கும் ஏற்பாடு இருப்பதை 2012-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு பிரேக்கர் குழுவினர் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் மில்லர் குழுவினர், அந்தத் தற்காப்பில் புளோரைடை வெளியே தள்ளும் மதகு ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். குளோரைடைவிடப் புளோரைடைப் பத்தாயிரம் மடங்குக்கும் மேலாக அது தேர்ந்தெடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உயிர், கல்லை மட்டும் பொறுக்கி எறிகிறது.

பிளாஸ்டிக் தாளில் வாய்க்கால்

இதைப் பார்த்து மனிதர்கள் செய்யத் தொடங்கியிருப்பதுதான் செயற்கை நானோ வாய்க்கால். புரதம் வைத்துச் செய்தால் நாள்படத் தாங்காது. ஆகவே பிளாஸ்டிக், கார்பன், உலோகச் சேர்மம் என்று கெட்டியான பொருள்களில் துளை போட்டு, துளையின் உட்சுவரை மதகு மாதிரி அமைக்கப் பார்க்கிறார்கள்.

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி 2019-ல் ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியாயிற்று. பேராசிரியர் ஹுவான்டிங் வாங் குழுவினர் செய்தது. தண்ணீர் பாட்டில் செய்யும் அதே வகைப் பிளாஸ்டிக்கில் மெல்லிய தாள் எடுத்துக்கொள்கிறார்கள். கனமான அணுத் துகளை வேகமாகப் பாய்ச்சினால் தாளில் ஒரு தடம் விழும். காரக் கரைசலில் ஊறவைத்தால் அந்தத் தடம் அரித்துத் துளையாகும். அந்தத் துளைக்குள் சிர்கோனியம் என்ற உலோகமும் கரிமப் பொருளும் பின்னிய ஒரு சட்டகத்தைப் படிகமாக வளர்க்கிறார்கள். படிகத்தின் உள்ளே ஒரு நானோமீட்டருக்கும் குறுகிய ஜன்னல்களும் அறைகளும் மாறி மாறி வருகின்றன. ஜன்னல் தேர்ந்தெடுக்கிறது, அறை வேகமாக விடுகிறது. சிர்கோனியத்துக்குப் புளோரைடின் மேல் ஒரு தனிப் பற்று உண்டு. அதனால் போர்வை சுற்றிய நிலையில் ஏறக்குறைய ஒரே அளவான புளோரைடையும் குளோரைடையும் அதனால் பிரித்தறிய முடிகிறது. தேர்வுத் திறன், அமைப்பைப் பொறுத்து, சுமார் 13 மடங்கிலிருந்து 240 மடங்கு வரை என்று கண்டார்கள். இத்தகைய சட்டகங்களை உருவாக்கியதற்கே 2025-ன் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது. அவர்களில் ரிச்சர்ட் ராப்சன் அதே மெல்பர்ன் நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்.

இந்த வகைச் சவ்வில் முறையே மாறிவிடுகிறது. ஆர்.ஓ.வில் தண்ணீரைச் சவ்வின் வழியே தள்ளுகிறோம். இதில் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கும். இலேசான மின்சாரம் வைத்துப் புளோரைடை மட்டும் மறுபக்கம் இழுக்கலாம். மறுபக்கத்தில் சேர்வது குறைந்த அளவுத் தண்ணீர்தான். அதில் சுண்ணாம்பு போட்டால் புளோரைடு வண்டலாகப் படிந்துவிடும். ஆயிரம் லிட்டரில் ஐந்நூறைக் கொட்ட வேண்டிய அவசியம் இருக்காது.

பதமாகச் சொன்னால், இருக்கலாம். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளோரைடும் 300 மில்லிகிராம் குளோரைடும் உள்ள கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். எடையை விட்டு எண்ணிக்கையில் பார்த்தால், ஒரு புளோரைடு அயனிக்குச் சுமார் 54 குளோரைடு அயனிகள் இருக்கும். ஒன்றுக்கு ஐம்பத்து நாலு பேர் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வாய்க்காலின் தேர்வுத் திறன் 13 மடங்கு என்றால், வெளியேறும் ஐந்தில் ஒன்றுதான் புளோரைடு. 240 மடங்கு என்றால் ஐந்தில் நான்கு புளோரைடு. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இது காகிதக் கணக்கு. நிஜத் தண்ணீரில் பைகார்பனேட், சல்பேட் என்று இன்னும் பல கூட்டாளிகள் முட்டுவார்கள். காரத் தன்மை கூடிய தண்ணீர் இந்தச் சட்டகத்தையே மெல்ல அரிக்கவும் கூடும். புளோரைடு மிகுந்த தண்ணீர் பெரும்பாலும் காரத் தண்ணீர்தான் என்று மேலே பார்த்தோம். ஆராய்ச்சி சாலையில் காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்புக் கலந்து சோதித்த சவ்வு, நம் கிணற்றுத் தண்ணீரில் ஆறு மாதம் ஓடியாக வேண்டும். விரல் நகம் அகலத் தாளில் செய்ததைக் கல்யாணப் பந்தல் அகலத்துக்குச் செய்தாக வேண்டும்.

இந்த வரிசையில் வியாபாரத்துக்கு வந்ததும் ஒன்று உண்டு. 2005-ல் டென்மார்க்கில் தொடங்கிய ஒரு கம்பெனி, தண்ணீர் மதகான அக்வாபோரினையே சவ்வில் பதித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் அதுவும் தண்ணீரை மட்டும் விடும் ஜாதி. அரிசியைப் பொறுக்கும் வேலையைச் சுறுசுறுப்பாகச் செய்யும், அவ்வளவே. புளோரைடைப் பொறுக்கும் வாய்க்கால் இன்னும் ஆராய்ச்சி சாலையை விட்டு வெளியே வரவில்லை. ஆகவே 'நானோ' என்று பெயர் ஒட்டி, புளோரைடை மட்டும் எடுக்கும் குடுவை என்று யாராவது வாசலில் வந்து விற்றால், வாங்குவதற்கு முன் அதில் வடித்த தண்ணீரைப் பரிசோதித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

யார் செய்வது?

"ஆஸ்திரேலியாக்காரன் செய்து கொண்டுவரட்டும், வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அது சம்மதமில்லை. மெல்பர்ன்காரர்களுக்குப் புளோரைடு ஒரு சுவையான விஞ்ஞானக் கேள்வி. நமக்கு அது பல்லும் முதுகும். எந்தத் தண்ணீருக்காகச் சவ்வு செய்கிறோமோ அந்தத் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். அது பென்னாகரத்திலும் ஏரியூரிலும் இருக்கிறது. ஆளும் நம் நாட்டில் உண்டு. குஜராத்தில் பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையம் சவ்வு செய்வதில் பல பத்தாண்டு பழக்கமுள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர், தண்ணீரிலிருந்து ஆர்சனிக் நஞ்சைப் பிரிக்கும் நானோப் பொருளைச் செய்து, கிராமங்களுக்கே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். ஆர்சனிக் தண்ணீர் இருக்கும் கிராமத்தில் வைத்து ஓட்டிப் பார்த்ததுதான் அதன் பலம்.

அதே மாதிரி, புளோரைடுச் சவ்வுக்கு ஒரு சோதனை நிலையம் தர்மபுரி மாவட்டத்தில் வேண்டும். பெரிய கட்டடம் கேட்கவில்லை. புளோரைடு மிகுந்த ஒரு ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு, தண்ணீரைத் தினமும் அளந்து எழுத இரண்டு பேர். நாட்டில் யார் சவ்வு செய்தாலும் இங்கே கொண்டுவந்து ஓட்டட்டும். எத்தனை லிட்டர் போனது, எவ்வளவு புளோரைடு குறைந்தது, சுண்ணாம்புச் சத்து எவ்வளவு மிஞ்சியது, எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை நாளில் அடைத்துக்கொண்டது என்று எழுதி, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டட்டும். விதை ரகங்களைப் பல ஊர் மண்ணில் போட்டுப் பார்த்த பிறகுதானே வெளியிடுகிறார்கள்? சவ்வுக்கு மட்டும் அந்த வழக்கம் ஏன் கூடாது?

இதற்காக ஆற்று நீர்த் திட்டத்தைக் கை விட வேண்டும் என்று யாரும் அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரைடு நோய்த் தணிப்பு என்ற வார்த்தை இருக்கிறது. 2008-ல் அடிக்கல், 2013-ல் தொடக்கம். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர். புளோரைடுக்கு இன்றுள்ள நல்ல மருந்து, புளோரைடு குறைந்த ஆற்று நீர்தான். அந்தக் குழாயில் தண்ணீர் வரும் வரை குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் குழாய் எல்லா நாளும் ஒரே மாதிரி வருவதில்லை, எல்லாக் காட்டு வீட்டுக்கும் வந்து சேர்வதுமில்லை. மோட்டார் பழுது, குழாய் உடைப்பு என்றால் மறுபடியும் ஆழ்துளைக் கிணறுதான். நாகமரைப் பக்கம் போய் நின்றால் மேட்டூர் அணையின் தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. பரிசல் ஏறிப் பண்ணவாடிக்குப் போகலாம். நீர் இறங்கும் காலத்தில் அந்த நிலத்திலேயே பயிர் வைக்கிறார்கள். மேட்டில், காட்டுக்குள் இருக்கும் வீட்டுக்காரருக்கு அந்தத் தண்ணீர் காட்சிதான். மாட்டுக்கும் மனிதருக்கும் குழாய்க் கிணற்றை நம்பித்தான் பிழைப்பு. சவ்வு யாருக்கு என்று கேட்டால், இவர்களுக்கு என்பதே என் பதில்.

படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளிய வைக்கும் நலகொண்டா முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் தந்து அரை நூற்றாண்டு ஆகிறது. முறை சரிதான். ஆனால் தண்ணீருக்குத் தக்கபடி அளவு பார்த்துப் போட வேண்டும், தினமும் வண்டலைக் கழிக்க வேண்டும். காட்டு வேலைக்குப் போகும் வீட்டில் இது நாலு நாள் நடக்கும், ஐந்தாம் நாள் நிற்கும். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகப் போய், புளோரைடு மிஞ்சி, முன்பைவிடச் சற்றுக் கூடும்.

இப்போதைக்கு ஒவ்வொருவரும் செய்யக்கூடியது, தம் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. புளோரைடுக்கு நிறமில்லை, வாடையில்லை, நாக்குக்கும் தெரியாது. ஒரே தோட்டத்தில் திறந்த கிணற்றில் குறைவாகவும் ஆழ்துளையில் அதிகமாகவும் இருப்பதுண்டு. அப்படி இருந்தால் குடிக்க ஒன்று, பாய்ச்ச ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோக வேண்டும். புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். ஊர், சர்வே எண், கிணற்றின் ஆழம், பிடித்த தேதி இவற்றை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். கோடையில் ஒரு முறை, ஐப்பசி மழைக்குப் பின் ஒரு முறை பார்ப்பது நல்லது. பக்கத்தில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அதன் கழிவு நீரிலும் ஒரு பாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். எருமைக்காரப் பெரியவரிடம் அப்படித்தான் சொல்லி, என்னிடமிருந்த காலி பாட்டில் இரண்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.